முறை வண்டி

மலேசியாவின் ஈப்போவில் ஓர் ஓட்டலின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் முப்பது வருடம் நின்றவன் நான். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் எனக்கு ஊர் கண்ணில் படாது. வாசலில் யார் நிற்கிறார்கள், பெட்டியை யார் தூக்குகிறார்கள், கேட்ட கேள்விக்கு முகம் பார்த்துப் பதில் சொல்கிறார்களா என்பதுதான் கண்ணில் படும். ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் இந்தத் தொழில் புத்தி போகவில்லை. போன ஐப்பசியில் திருவண்ணாமலைக்குப் போனபோதும் அப்படித்தான். மலையை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே லாட்ஜ் மாடிப்படியில் இருந்த தூசியைப் பார்த்துவிட்டேன்.

போன காரியம் இது. எங்கள் ஊர் பஜனைக் குழுவில் நாற்பது பேர் மார்கழியில் அங்கே வருவதாக ஏற்பாடு. தங்க இடம், சாப்பாடு, சுற்றிப் பார்க்க வண்டி, மூன்றையும் ஒருவர் முன்கூட்டியே போய்ப் பேசி வைக்க வேண்டும். "ஓட்டல்காரர் இருக்கும்போது வேறு யாரை அனுப்புவது?" என்று எல்லாருமாக என்னைத் தள்ளிவிட்டார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். இத்தனை காலம் விருந்தாளிகளைக் கவனித்தவன் ஒரு வாரம் விருந்தாளியாக இருக்கப் போகிறான். நல்ல விருந்தாளி எப்படி இருப்பான் என்பது எனக்குத் தெரியாதா என்ன?

என் மகள் கவிதா பள்ளியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறாள். கிளம்பும்போது அவளும் ஒரு வேலை கொடுத்தாள். "அப்பா, காலையில கண் விழிச்சதிலேருந்து படுக்கப் போற வரைக்கும் உங்களுக்காக யார் யார் வேலை செஞ்சாங்கன்னு ஒரு நாளுக்கு மட்டும் எழுதிக்கிட்டு வாங்க. சேவைத் துறை பாடத்துக்கு வேணும். புத்தகத்துல பேங்கு, இன்சூரன்சு, கப்பல்னு போட்டிருக்கான். பிள்ளைங்க தூங்குதுங்க."

முதல் நாள் காலை, பெரிய தெருப் பக்கம் ஒரு சின்னக் கடையில் இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் சாப்பிட்டேன். இந்தச் சட்னிக்கு எங்கள் ஊரில் ஈடு கிடையாது. சுற்றுவட்டாரமெல்லாம் கடலை விளைகிற பூமி, அதனால் தாராளமாக ஊற்றுகிறார்கள். கவிதாவுக்குப் போன் செய்து, ஆறு இட்லி தின்ற கதையைச் சொன்னேன்.

"அது ஏற்றுமதிப்பா," என்றாள்.

"எது?"

"நீங்க தின்ன இட்லி. வெளிநாட்டு ஆள் அங்க போய்ச் சாப்பிட்டா, தங்கினா, வண்டியில போனா, நாட்டுக் கணக்குல அது அவங்க ஏற்றுமதி. பெட்டியில கட்டிக் கப்பல்ல ஏத்தினாத்தானா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கல்லாவில் இருந்தவரிடம், "நீங்கள் ஏற்றுமதி வியாபாரி, தெரியுமா?" என்று கேட்கலாம் என்று பார்த்தேன். அவர் அடுத்த ஆளுக்கு வடை எடுத்துக்கொண்டிருந்தார்.

லாட்ஜுக்கு எதிரிலேயே ஆட்டோ ஸ்டாண்டு. வேப்ப மரத்தடியில் ஐந்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முதல் வண்டியில் காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வயது நாற்பதுக்குள் இருக்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளைப் பார்த்ததும் என் கால் தானாக இரண்டாவது வண்டிக்குப் போனது. புது ஊர், புது ரோடு, லாரிகளும் பஸ்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன. ஓட்டிப் பழகிய ஆளாக இருந்தால் நல்லது என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லியும் கொண்டேன்.

இரண்டாவது வண்டிக்காரர் இறங்கவே இல்லை. வெள்ளைத் தாடி, தலையில் குல்லா. "முன்னாடி வண்டிக்குப் போங்க சார். அதான் முறை வண்டி," என்றார்.

"நீங்கள் வரமாட்டீர்களா?"

"முறை அவங்களுது. ஏறுங்க, நல்லா ஓட்டுவாங்க."

ஏறினேன். அவள் பெயர் தேன்மொழி. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் விருந்தினர் விடுதிகளைப் பார்க்க வேண்டும் என்றேன். பஸ்ஸுக்கும் மாட்டு வண்டிக்கும் நடுவில் அவள் வண்டியை விட்ட விதத்தில் என் பயம் முதல் திருப்பத்திலேயே போய்விட்டது. ஹாரனை அடிக்கவே மாட்டாள். ஏழு விடுதி பார்த்தோம். நான்காவதில், நான் கேட்காமலே, "இங்க மோட்டார் ரிப்பேரு சார். நாப்பது பேரு காலைல குளிக்கணும்னா கஷ்டம்," என்று மெதுவாகச் சொன்னாள். என்னிடம் வேலை பார்த்த எந்தப் பயிற்சி முடித்த பிள்ளைக்கும் இந்தக் கவனம் இருந்ததில்லை. சாயங்காலம் திரும்பும்போது முடிவு செய்துவிட்டேன். இந்த வாரம் முழுக்க எனக்கு இவள் வண்டிதான்.

மறுநாள் காலை ஸ்டாண்டுக்குப் போனேன். தேன்மொழியின் வண்டி நான்காவதாக நின்றது. முன்னால் இருந்த மூன்றையும் தாண்டிப் போய் அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

"சார், முன்னாடி இருக்கற வண்டில போங்க," என்றாள்.

"பரவாயில்லை, எனக்கு உங்கள் வண்டிதான் வேண்டும்."

"இல்ல சார். அது ஏழுமலை அண்ணனோட முறை."

முதல் வண்டி பழையது. இருக்கைத் துணி கிழிந்திருந்தது. ஏழுமலை என்பவர் எங்கள் பக்கம் திரும்பாமல் ஹேண்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் சிரித்துக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி, "யார் வண்டியில் போவது என்று காசு கொடுக்கிறவன்தானே முடிவு செய்ய வேண்டும்?" என்றேன். ஓட்டலில் நாங்கள் தினமும் மந்திரம் மாதிரி சொன்னது அது.

தேன்மொழி சாவியை எடுத்துக்கொண்டு வண்டியைவிட்டு இறங்கினாள். நாலு அடி தள்ளிப் போய், எனக்கு முதுகைக் காட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் நின்ற திசையில் மலை. மேகம் விலகி உச்சி பளிச்சென்று தெரிந்தது. ஆகா, வண்டி எடுக்கும் முன் மலையைப் பார்த்துக் கும்பிடுகிற வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நானும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைகூப்பினேன். அவள் நகரவில்லை. சரி, பக்தி அதிகம் என்று நானும் கூப்பிய கையை எடுக்காமல் இருந்தேன்.

ஸ்டாண்டில் யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். தாடிக்காரர் எழுந்து வந்தார். அவர் பெயர் பாஷா, ஸ்டாண்டுக்குத் தலைவர் என்று பிறகு தெரிந்தது. என்னைப் பார்த்தார், என் கூப்பிய கையைப் பார்த்தார். "கூட்டினு போம்மா, போ. இன்னிக்கு மட்டும்," என்றார். அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. இந்த ஊர்க்காரர்கள் சந்தோஷமானவர்கள் என்று அன்றைய குறிப்பில் எழுதினேன்.

அன்றைக்கு முதலில் மறுபடியும் ஆசிரமத்துப் பக்கம். விடுதிக்காரர் வரும்வரை ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். வெள்ளைக்காரர்களுக்கான கடை. பக்கத்து மேசையில் ஓர் அம்மாள் தன் தோழியிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "இருபது வருடமாகத் தேடிய அமைதி இங்கேதான் கிடைத்தது. ஆனால் இந்தக் கடையில் மூன்று நாளாக ஓட்ஸ் பால் இல்லை. இப்படி இருந்தால் எப்படி?" கடைப் பெண் ஓடிவந்து, நாளைக்குள் சென்னையிலிருந்து வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்தாள். இந்த ஊரில் பெரிய ஆலை என்று எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் காலையிலிருந்து எல்லாரும் யாருக்காவது எதையாவது செய்துகொண்டே இருக்கிறார்கள். சமைக்கிறார்கள், துவைக்கிறார்கள், ஏற்றி இறக்குகிறார்கள், கோவில் வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கிறார்கள். கவிதாவின் பட்டியலை அன்று மதியம் தொடங்கினேன். சாப்பாட்டுக்கு முன்பே பதினெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

மதியம் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையில் இருக்கும் கிராமம். அங்கே தேன்மொழியின் அக்கா ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் போட்டாள். ஈப்போவில் தேங்காய்ப்பால் சோறு தின்று வளர்ந்த நாக்கு எனக்கு. களியை மென்றுவிட்டேன். "முழுங்கணும் சார், மெல்லக் கூடாது!" என்று அக்காவும் தங்கையும் ஒன்றாகச் சொன்னார்கள். இரண்டாவது உருண்டை சரியாக இறங்கியது.

சாப்பிடும்போது தேன்மொழி ஏதோ சொல்ல வந்தாள். "சார், நாளைக்கு நீங்க ஸ்டாண்டுல முன்னாடி வண்டி எதுவோ அதுல..." என்று ஆரம்பித்தாள். நான் முடிக்கவிடவில்லை. "நாற்பது பேர் வருகிறார்கள். எல்லா வண்டியும் உங்கள் மூலமாகத்தான்," என்று அறிவித்தேன். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை கொட்டுகிற மழை. லாட்ஜ் வாசலில் இருந்தே தேன்மொழியின் வண்டியைப் பார்த்துவிட்டேன், கடைசியாக நின்றது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிப் போய் ஏறினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முன்னால் நின்ற நாலு வண்டிகளையும் பார்த்தாள். இறங்குவதற்காக ஒரு காலை வெளியே வைத்தாள். ரோட்டில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர் ஓடியது.

"எறங்குங்க சார், தயவுபண்ணி," என்றாள்.

"இந்த மழையிலா? விளையாடாதீர்கள். விடுதிக்காரர் காத்திருப்பார், கிளம்புங்கள்."

அவள் காலை உள்ளே எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். வழியெல்லாம் பேசவில்லை. ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்து, மறு கையால் வைப்பரை ஆட்டிக்கொண்டு ஓட்டினாள். மழைக்காக அப்படிக் கவனமாக ஓட்டுகிறாள் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் அவள் வண்டி இல்லை. அடுத்த நாள் பௌர்ணமி. அதற்குள்ளேயே தெருவில் கூட்டம் நடக்க இடமில்லாமல் சேர்ந்திருந்தது. ஸ்டாண்டில் முதலில் நின்றது பாஷாவின் வண்டி.

"தேன்மொழி எங்கே? நல்ல பெண்ணாயிற்றே," என்றேன்.

"மூணு நாளு ஸ்டாண்டுல வண்டி போடக் கூடாதுன்னு சொல்லியிருக்குது."

"யார் சொன்னது?"

"நாங்கதான். ஸ்டாண்டு ரூலு. ஏறுங்க, போய்க்கினே பேசலாம்."

பாஷா நிதானமாகச் சொன்னார். லாட்ஜிலிருந்து வருகிற ஆளை முதல் வண்டிதான் ஏற்ற வேண்டும். பின்னால் இருக்கிற வண்டியில் யாராவது ஏறி உட்கார்ந்தால் ஓட்டுகிறவர் எடுத்துச் சொல்ல வேண்டும். அப்போதும் ஆள் இறங்கவில்லை என்றால், ஓட்டுகிறவர் சாவியை எடுத்துக்கொண்டு வண்டியை விட்டு இறங்கிவிட வேண்டும். தள்ளிப் போய் நிற்க வேண்டும். ஏறின ஆள் அலுத்துப் போய் இறங்கி முன் வண்டிக்கு வருவார்.

"அன்னிக்கு தேனு அப்பிடித்தான் எறங்கி நின்னுக்கினு இருந்துச்சு. நீங்க கும்புட ஆரம்பிச்சிட்டீங்க," என்றார். கண்ணாடியில் அவர் பல் தெரிந்தது.

எனக்குக் காது வரை சூடேறியது. "நான் வயதானவன், வெளியூர்க்காரன், தெரியாமல் செய்தேன். அவளை எதற்குத் தண்டிக்கிறீர்கள்?"

"மொத வாட்டி விட்டுட்டோமே. ரெண்டாவது வாட்டி வண்டிய எடுத்தது யாரு? அதும் நாலு வண்டிய தாண்டி. மூணாவது வாட்டி ஆச்சுன்னா ஸ்டாண்ட விட்டே எடுத்துடுவாங்க. அது என் கையில கெடையாது, எல்லாரும் கூடிப் பேசி வச்ச ரூலு."

"பௌர்ணமியும் இந்த மூன்று நாளுக்குள் வருகிறதே."

"வருது சார்," என்றார். வெளியூர் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவதால் பௌர்ணமிக்கு அங்கிருந்து ஜனங்களை ஏற்றிவருவதுதான் ஆட்டோக்காரர்களுக்கு மாதத்தின் பெரிய வேலை. ஸ்டாண்டு அட்டை ஒட்டிய வண்டிகள்தான் அங்கே வரிசையில் நிற்க முடியும். இதை அவரே முந்தின நிமிடம் சொல்லியிருந்தார்.

எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். "பாய், நாற்பது பேர் வருகிறார்கள். அத்தனை பேருக்கும் வண்டி உங்கள் ஸ்டாண்டிலிருந்தே எடுக்கிறேன். இந்தத் தண்டனையை மட்டும் நீக்கிவிடுங்கள்."

"அது வேற, இது வேற சார்," என்றார். கோபம் இல்லை. "நீங்க எங்க எடுத்தாலும் சந்தோஷம். ஆனா நீங்க சொல்லி ரூல மாத்துனா நாளைக்கு இன்னொருத்தர் வந்து சொல்வாரு. ஏழுமலையப் பாத்தீங்கல்ல? அவனுக்கு வாயே கெடையாது. வாங்க சார், உக்காருங்க சார்னு கூப்புட வராது. வண்டியும் பழசு. முறை இல்லைன்னா அவன் வண்டி காலைலேருந்து சாயங்காலம் வரிக்கும் அங்கியேதான் நிக்கும். எம்மா நேரம் நின்னாலும் மொத எடத்துக்கு வந்துட்டா அடுத்த ஆளு நம்ம ஆளுன்னு ஒரு தைரியம். அதுக்குத்தான் இது."

ஓட்டல் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. நேற்று காலியாகக் கிடந்த அறையை இன்று விற்க முடியாது. சோப்புத் தயாரிக்கிறவன் விற்காததைக் கிடங்கில் அடுக்கி வைக்கலாம். அறையையும் சவாரியையும் எந்தக் கிடங்கில் வைப்பது? அதனால் இந்தத் தொழிலில் பாதி வேலை காத்திருப்பது. நான் மாதச் சம்பளத்தில் காத்திருந்தேன். இவர்கள் அந்தக் காத்திருப்பை ஆளுக்குச் சமமாகப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். நான் இரண்டு நாளாக அதில் ஏறி மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன், சிரித்த முகத்தோடு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு நடந்தது ஒன்று. வரிசையில் நின்றவர்களைத் தாண்டி ஒரு பெரிய மனிதர் வந்து, அறைச் சாவியைக் கேட்டார். மறுக்கப் பயந்து கொடுத்தேன். வரிசையில் நின்றவர் புகார் எழுதினார். என்னை ஒரு வாரம் பின்கட்டில் அழுக்குத் துணி மூட்டை பிரிக்கப் போட்டார்கள். சாவி வாங்கிய பெரிய மனிதர் மறுநாள் வந்து, "அந்தப் பையன் எங்கே? நல்ல பையனாயிற்றே," என்று அன்பாக விசாரித்தாராம். அந்த மனிதரை நான் வருடக்கணக்கில் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அவர் குரல் எப்படி இருந்திருக்கும் என்று அன்று காலை பாஷாவிடம் பேசியபோது எனக்கே கேட்டுவிட்டது.

"இப்படிச் செய்கிற பயணிக்கு என்ன தண்டனை, பாய்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கஸ்டமருக்கு இன்னா சார் தண்டனை குடுக்க முடியும்?"

பௌர்ணமியன்று காலையிலேயே நானும் மலையைச் சுற்ற நடந்தேன். வெறுங்காலோடு. ஈப்போவில் வீட்டு வாசலிலிருந்து காருக்குப் போகிற தூரம்தான் என் கால் செருப்பில்லாமல் நடந்த தூரம். அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தது. அக்கா கடையில் கூட்டம் நெரிந்தது. உள்ளே தேன்மொழி இலை போட்டுக்கொண்டிருந்தாள், காக்கிச் சட்டை இல்லாமல்.

ஓரமாக நின்று, கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் சொன்னேன். "என்னால்தான். மன்னித்துக்கொள்ளம்மா." அழுகை வந்தது என்றே சொல்லலாம்.

அவள் பதறிவிட்டாள். "ஐயோ சார், உக்காருங்க மொதல்ல. கால பாருங்க, கொப்புளம்." மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "சாவிய திருவுனது நான்தானே. நீங்க கோச்சுக்கினு போயிடுவீங்களோன்னு ஒரு நெனப்பு. நாப்பது பேருன்னு சொன்னீங்க. ஆசதான் சார், வேற இன்னா?"

"அநியாயமான விதி என்று தோன்றவில்லையா உனக்கு?"

அவள் இலைக்கட்டைக் கீழே வைத்தாள். "அந்த ஸ்டாண்டுல எடம் கெடைக்கறதுக்கு முன்னாடி எட்டு மாசம் பஸ் ஸ்டாண்டு ரோட்டுல தனியா வண்டி போட்டு நின்னேன். கிட்ட வருவாங்க. பொம்பளன்னு பாத்ததும் அடுத்த வண்டிக்குப் போயிடுவாங்க. வாய் விட்டு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. திட்டுனாக்கூடப் பரவால்ல. முறை இல்லைன்னா எவன் சார் என் வண்டில ஏறுவான்?" கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலை இறக்கி, "மொத நாளு நீங்க பின்னாடி பாய் வண்டிக்குப் போகல?" என்றாள்.

பார்த்திருக்கிறாள். ஓட்டிப் பழகிய ஆள் வேண்டும் என்பதற்காகப் போனேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. அவள் எத்தனை வருடமாக ஓட்டுகிறாள் என்று அந்த நிமிடம் வரை நான் கேட்டதே இல்லை.

"போனேன்," என்றேன்.

"அதான் சார்." அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் உறைத்தது. "பாய் அன்னிக்கு உங்கள ஏத்தினு போயிருந்தா யாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க. அவரு ஏத்திக்கல. மார்கழில உங்க ஆளுங்க வந்தா என் பேர சொல்லாதீங்க. ஸ்டாண்டு பேர சொல்லுங்க. இப்ப களி சாப்புடறீங்களா?"

சாப்பிட்டேன். மெல்லாமல்.

ஆறாம் நாள் வேலைகளை முடித்தேன். மோட்டார் நன்றாக ஓடுகிற விடுதியைப் பேசிவிட்டேன். நாற்பது பேருக்கும் ஒரு வேளைச் சாப்பாடு அக்கா கடையில் என்று முடிவாயிற்று. பாஷாவிடம் போய், வண்டிகள் எல்லாம் ஸ்டாண்டு மூலமாக, யார் முறையோ அவர்கள் என்று எழுதிக் கொடுத்தேன். "சரி சார்," என்றார், அவ்வளவுதான். கவிதாவின் பட்டியலை அனுப்பினேன். செருப்புக்குக் காவல் இருந்தவர், துணி துவைக்கிறவர், ஓட்ஸ் பாலுக்கு வாக்குக் கொடுத்த பெண் என்று நாற்பத்தாறு பேர் இருந்தார்கள். "இதுல யாரு அதிகமா வேலை செஞ்சாங்கப்பா?" என்று கேட்டாள். பட்டியலில் வராதவர்கள் என்றேன். முன் வண்டி போகும்வரை பின்னால் உட்கார்ந்திருந்தவர்களை நான் எண்ணவே இல்லை. அவளுக்கு அது புரிய நான் முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும், "நாளைக்குக் கிளம்பும்போது பார்த்து ஏறுங்கப்பா," என்றாள்.

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மறுநாள் தேன்மொழி ஸ்டாண்டுக்குத் திரும்பிவிடுவாள். இன்னொரு தடவை என்றால் அவளுக்கு இடமே போய்விடும்.

கிளம்புகிற அன்று காலையும் மழை. பெட்டியோடு லாட்ஜ் வாசலில் நின்றேன். எதிரே ஐந்து வண்டிகள். முதலில் ஏழுமலையின் பழைய வண்டி. பக்கவாட்டில் தொங்கிய தார்ப்பாய் கிழிந்து, மழைச் சாரல் இருக்கை வரை அடித்தது. இரண்டாவது பாஷா. மூன்றாவது தேன்மொழி, காக்கிச் சட்டையில். அவள் வண்டி துடைத்துப் பளபளவென்று இருந்தது. பயணிகள் பக்கம் புதிதாக ஒரு பிளாஸ்டிக் திரையும் கட்டியிருந்தாள்.

நான் ரோட்டில் கால் வைத்ததும் ஸ்டாண்டில் பேச்சு நின்றது. தேன்மொழி என்னைப் பார்க்கவில்லை. கையில் துணியை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லலாமே என்று நினைத்தேன். மூன்றாவது வண்டி வரை நடந்து போனால் ஐந்து பேரும் என்ன நினைப்பார்கள் என்பதும் தோன்றியது. நேராகப் போய் ஏழுமலையின் வண்டியில் ஏறி, ஈரமான இருக்கையில் உட்கார்ந்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

வண்டி மூன்று தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. பின்னால் பார்த்தேன். பாஷா வண்டியைக் கிளப்பாமல் இறங்கி, கையால் தள்ளி, ஏழுமலை நின்ற இடத்துக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பின்னால் தேன்மொழி மழையில் இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் வண்டியைத் தோளால் தள்ளி இரண்டாவது இடத்தில் நிறுத்தினாள். நிறுத்திவிட்டு நிமிர்ந்து, எங்கள் வண்டி போகிற திசையைப் பார்த்தாள். நான் கையை உயர்த்தினேன். அவளும் உயர்த்தினாள்.

பஸ் ஸ்டாண்டு வரை சாரல் என் பாதிச் சட்டையை நனைத்தது. ஏழுமலை ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது பெட்டியை அவரே எடுத்து, நனையாத இடமாகப் பார்த்து வைத்தார். நான் காசு கொடுத்து நன்றி சொன்னேன். அவர் வண்டிக்குத் திரும்பிப் போனவர், என்ன தோன்றியதோ, மறுபடி என்னிடம் வந்தார்.

"பாய்க்கு இந்நேரம் சவாரி வந்திருக்கும்," என்றார். "இப்ப தேனுதான் மொத வண்டி."